கோனாவின் இலையுதிர்கால விளையாட்டுகள்

கோனா என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஹவாய் மாநிலத்தில், ஹவாய்த் தீவின் மேற்குக் கரையோரமாக அமைந்துள்ள கடற்கரைச் சுற்றுலாப் பகுதி ஆகும். இதன் முதன்மையான ஊர் கைலுவா-கோனா. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவ்வூரில் வாழ்வோர் ஏறத்தாழ 20,000 பேர். செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மூன்று மாதங்களில் நெடுந்தொலைவு ஓடப்போட்டி, அயர்ன்மேன் உலகப் போட்டி, காப்பி அறுவடை விழா என்று நிகழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், இச்சிற்றூரின் பெயர் உலகெங்குமுள்ள விளையாட்டு ஆர்வலர்களுக்குத் தெரிந்ததாகிவிட்டது. ஆண்டின் இப்பகுதி இங்கு விளையாட்டுக்கு உரியதாக இருப்பது மிகப் பழைய வழக்கமும் ஆகும். ஐரோப்பியர் வருமுன்னரே ஹவாய் மக்கள் இக்காலத்தில் போரை நிறுத்தி விளையாட்டுகளை நடத்தினர்.

பெயரும் காலநிலையும்

ஹவாய் மொழியில் கோனா என்னும் சொல் காற்று மறைவான பக்கத்தைக் குறிக்கும். வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை ஹுவாலலை (2,521 மீ), மௌனா லோவா (4,169 மீ) ஆகிய எரிமலைகள் தடுத்துவிடுகின்றன. ஆகவே கோனாவின் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரையோரத்தில் மழை குறைவு. மலைச்சரிவிலோ பிற்பகலில் முகில் கூடி மழை பெய்யும். ஹவாயின் பெரும்பாலான பகுதிகளில் குளிர்காலமே மழைக்காலமாக இருக்க, கோனாவின் சரிவுகளில் கோடையில் மிகுதியாக மழை பெய்வது இங்குள்ள காப்பித் தோட்டங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது.

உண்மையில் இங்கு இலையுதிர்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. பழைய ஹவாய் மக்கள் ஆண்டை வெப்பக்காலம், மழைக்காலம் என இரண்டாகவே பகுத்தனர். அக்டோபர் மாத நண்பகலிலும் வெப்பநிலை 30 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். பெருநிலத்திலிருந்து வந்த பயணிகளின் நாட்காட்டியே இங்கு இலையுதிர்காலம் என்ற பெயரைக் கொண்டுவந்தது எனலாம். கோடை விடுமுறை முடிந்து கிறித்துமசு விடுமுறை தொடங்கும் வரையிலான இம்மாதங்களில் தங்கும் விடுதிகளில் இடம் எளிதில் கிடைக்கும். போட்டிகள் இக்காலத்தில் அமைவது விடுதிக்காரர்களுக்கு நன்மை தருகிறது.

மக்காஹிக்கி: பழைய விளையாட்டுக்காலம்

அறுமீன் எனப்படும் கார்த்திகை விண்மீன் கூட்டம், கதிரவன் மறையும் நேரத்தில் கீழ்வானில் எழுவதைக் கொண்டு ஹவாய் மக்கள் தம் புத்தாண்டுக் காலத்தைக் கணித்தனர். இது பெரும்பாலும் நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில் நிகழும். தமிழர் கார்த்திகை விளக்கீட்டைக் கொண்டாடுவதும் ஏறத்தாழ இதே காலத்தில் என்பது நோக்கத்தக்கது. இரு மக்களுக்கும் இதனால் தொடர்பு உண்டென்று கொள்ளத் தேவையில்லை. இருவரும் ஒரே வானத்தைப் பார்த்தனர்.

இவ்வாறு தொடங்கும் மக்காஹிக்கி ஏறத்தாழ நான்கு மாதங்கள் நீடித்தது. இது மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய லோனோ என்னும் தெய்வத்தின் காலம். வெண்ணிற மரப்பட்டைத் துணி தொங்கவிடப்பட்ட நெடிய கழி ஒன்று லோனோவின் சின்னமாகத் தீவைச் சுற்றி எடுத்துச் செல்லப்பட்டது. ஒவ்வொரு நிலப்பிரிவின் எல்லையிலும் மக்கள் விளைபொருள்களை வரியாகச் செலுத்தினர். வரி செலுத்தியபின் விளையாட்டுகள் தொடங்கின. குத்துச்சண்டை, மற்போர், ஈட்டியெறிதல், நடப்பட்ட இரு கோல்களுக்கு இடையே வட்டக்கல்லை உருட்டிவிடுதல், அலைச்சறுக்கு ஆகியன முக்கியமானவை. இக்காலத்தில் போர் செய்வது விலக்கப்பட்டிருந்தது.

இவற்றுள் மிகவும் ஆபத்தானது ஹோலுவா எனப்பட்ட சறுக்குவண்டி விளையாட்டு ஆகும். மலைச்சரிவில் எரிமலைக் கற்களை அடுக்கிப் பாதை அமைத்து, அதன்மேல் புல்லைப் பரப்பி, மிகக் குறுகலான நீண்ட மரவண்டியில் படுத்தவாறு கீழ்நோக்கிப் பாய்வர். இது தலைவர் குடியினருக்கே உரியதாக இருந்தது. எஞ்சியுள்ள இத்தகைய பாதைகளுள் மிகப் பெரியது கோனாவின் தென்பகுதியிலுள்ள கெயாவுஹோவில் உள்ளது. 1962இல் இது அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

1819இல் முதலாம் கமேஹமேஹா மன்னர் கைலுவாவில் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய மகன் லிஹோலிஹோ, ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாகாது என்ற பழைய விலக்கை எல்லோரும் காண மீறினார். அதனுடன் பழைய சமய ஒழுங்கு முழுவதும் குலைந்தது. மக்காஹிக்கியும் அரச விழாவாக நடைபெறுவது நின்றது. அடுத்த ஆண்டே வந்து சேர்ந்த கிறித்தவ மதபரப்புநர்கள், பந்தயம் கட்டி ஆடப்பட்ட இவ்விளையாட்டுகளை விரும்பவில்லை. அலைச்சறுக்கு மட்டுமே பிற்காலத்தில் உலகெங்கும் பரவும் அளவுக்கு உயிர் பிழைத்தது.

அரசி லிலியுவோக்கலானி ஓடப்போட்டி

ஹவாயின் கடைசி அரசியான லிலியுவோக்கலானியின் பெயரில், செப்டம்பர் முதல் திங்கட்கிழமையன்று வரும் தொழிலாளர் நாளை ஒட்டிய விடுமுறையில் இப்போட்டி நடைபெறுகிறது. 1972இல் காய் ஓப்புவா என்னும் கைலுவா ஓடக் கழகத்தினர் இதைத் தொடங்கினர். அக்டோபரில் மொலக்காய் தீவிலிருந்து ஒவாஹு தீவுக்கு நடக்கும் கடினமான போட்டிக்கு முன்பயிற்சியாக அமையட்டும் என்பதே அவர்கள் நோக்கம். இன்று நெடுந்தொலைவு ஓடப்போட்டிகளுள் உலகிலேயே மிகப் பெரியதாக இது அறியப்படுகிறது.

ஓடத்தின் ஒரு பக்கத்தில் இரு வளைகட்டைகளால் இணைக்கப்பட்ட மிதவை இருக்கும். அறுவர் துடுப்பு வலிப்பர். பெண்கள் கைலுவாவிலிருந்து தெற்கே ஹோனௌனௌ வரை 18 மைல் (ஏறத்தாழ 29 கி.மீ.) செல்வர், ஆண்கள் அங்கிருந்து கைலுவாவுக்குத் திரும்பி வருவர்.

பசிபிக் தீவினர் இரண்டு ஓடங்களை இணைத்துச் செய்த பெரிய கலங்களை ஆங்கிலேயர் "கட்டமரான்" என்று அழைத்தனர். இச்சொல் தமிழின் கட்டுமரத்திலிருந்து சென்றதாகும். சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கலத்தின் பெயர், அமைப்பில் முற்றிலும் வேறான கலம் ஒன்றுக்கு நிலைத்துவிட்டது.

அயர்ன்மேன்

கோனாவின் பெயரை உலகறியச் செய்தது அயர்ன்மேன் என்னும் நெடுமுப்போட்டியே. இதில் 3.86 கி.மீ. கடலில் நீந்தி, 180.2 கி.மீ. மிதிவண்டி ஓட்டி, அதன்பின் 42.2 கி.மீ. மாரத்தான் ஓட்டத்தையும் ஒரே நாளில் இடைவிடாது முடித்தல் வேண்டும்.

இது பிறந்த இடம் கோனா அன்று. ஒவாஹு தீவில் பணியாற்றிய கடற்படை அதிகாரி சான் காலின்சும் அவர் மனைவி சூடியும் இதன் தோற்றத்துக்குக் காரணமானவர்கள். நீச்சல்காரர், ஓட்டக்காரர், மிதிவண்டிக்காரர் ஆகியோருள் உடலுரம் மிக்கவர் யார் என்று 1977இல் எழுந்த ஒரு வாதத்துக்கு முடிவு காண, அத்தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று போட்டிகளின் தொலைவுகளை ஒன்றாகச் சேர்த்தனர். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலாவதாக வந்தார். மறு ஆண்டில் லின் லெமேர் இப்போட்டியை முடித்த முதற்பெண் ஆனார்.

ஒனலூலு நகரின் போக்குவரத்து நெரிசலில் போட்டியைத் தொடர்ந்து நடத்துவது கடினம் என்று கண்ட அமைப்பாளர் வேலரி சில்க், 1981இல் அதைக் கோனாவுக்கு மாற்றினார். 1982 பிப்ரவரியில் நடந்த போட்டியில், பெண்களுள் முன்னணியில் இருந்த சூலி மாஸ் என்னும் மாணவி, முடிவுக்கோட்டுக்கு அருகில் வலுவிழந்து மீண்டும் மீண்டும் விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிச் சென்று வென்றார். எழ முடியாத சூலி மாஸ் கடைசி சில மீட்டர்களைத் தவழ்ந்து கடந்தார். தொலைக்காட்சியில் இக்காட்சியைக் கண்டவர்களால்தான் இவ்விளையாட்டு பெருகியது என்று சொன்னால் மிகையாகாது. வென்றவரைவிட இரண்டாவதாக வந்தவரே நினைவில் நிற்கும் போட்டிகள் அரிது.

அதே 1982ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டாம் முறையாகப் போட்டி நடத்தப்பட்டது. குளிர்நாடுகளில் வாழ்வோர் பிப்ரவரிக்கு முன் பயிற்சி பெற இயலாது என்பதே மாற்றத்துக்குக் காரணம். அன்று முதல் அக்டோபர் இதன் மாதமாயிற்று. முழுநிலவுக்கு அண்மையான சனிக்கிழமையைத் தேர்ந்தெடுப்பதும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. தெருவிளக்கு இல்லாத நெடுஞ்சாலையில் இரவில் ஓடுவோருக்கு நிலவே விளக்கு.

பாதை

நீச்சல் கைலுவா படகுத்துறை அருகே தொடங்குகிறது. நீர் தெளிந்து இருப்பதால் கீழே பவளப்பாறைகளும் மீன்களும் தெரியும். இது நாளின் எளிய பகுதி. மிதிவண்டிப் பாதை காஹுமானு நெடுஞ்சாலை வழியே வடக்கே ஹாவி என்னும் சிற்றூர் வரை சென்று திரும்புகிறது. இருபுறமும் கரிய எரிமலைக் குழம்பு உறைந்து பரந்த வெளி. நிழல் தர மரம் இல்லை. கருங்கல் வெப்பத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். அதனுடன் முமுக்கு எனப்படும் பலத்த காற்று மலைகளுக்கு இடையிலிருந்து பக்கவாட்டில் வீசி மிதிவண்டியைத் தள்ளும். ஒருவர் பின்னால் மற்றவர் ஒட்டிச்சென்று காற்றைத் தவிர்ப்பது விதிப்படி குற்றம் ஆகும். மாரத்தான் கடற்கரையை ஒட்டிய அலீ தெருவிலும் மீண்டும் அந்நெடுஞ்சாலையிலுமாக அமைகிறது.

முன்னணி வீரர்கள் எட்டு மணி நேரத்துக்குள் முடிப்பர். 2024இல் செருமானியரான பேட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடம் 53 வினாடியில் முடித்துக் கோனாப் பாதையின் சாதனையைப் படைத்தார். பெண்களுள் இங்கிலாந்தின் லூசி சார்லசு-பார்க்லே 2023இல் 8 மணி 24 நிமிடம் 31 வினாடியில் வென்றார். எட்டு முறை வென்ற பவுலா நியூபி-பிரேசர் அளவுக்கு வேறெவரும் இங்கு வென்றதில்லை. ஆண்களில் டேவ் இசுகாட், மார்க் ஆலன் இருவரும் தலா ஆறு முறை வென்றனர். 1989இல் இவ்விருவரும் ஏறத்தாழ எட்டு மணி நேரம் அருகருகே சென்று, கடைசி ஏற்றத்தில்தான் பிரிந்தனர். ஆலன் 58 வினாடி வேறுபாட்டில் வென்றார்.

எனினும் கோனா மக்கள் பெரிதும் விரும்பிக் காண்பது நள்ளிரவுக்கு முந்திய கடைசி ஒரு மணி நேரத்தையே. 17 மணி நேர வரம்புக்குள் வந்து சேர முயல்வோரை ஊக்குவிக்க அலீ தெருவில் கூட்டம் நிறைந்திருக்கும். 2018இல் சப்பானைச் சேர்ந்த இனாடா ஹிரோமு தம் 85ஆம் வயதில் போட்டியை முடித்தார். 2025இல் அமெரிக்காவின் நாட்டலி கிராபோ 80 வயதில் 16 மணி 45 நிமிடத்தில் முடித்து, கோனாவில் இப்போட்டியை முடித்த பெண்களுள் மிக மூத்தவர் ஆனார். டிக் ஹாய்ட் என்பவர், பெருமூளை வாதம் உள்ள தம் மகன் ரிக்கை நீச்சலில் படகில் வைத்து இழுத்தும், மிதிவண்டியின் முன்னிருக்கையில் ஏற்றியும், சக்கர நாற்காலியில் தள்ளியும் 1989இல் முடித்தார்.

ஊரும் போட்டியும்

போட்டியன்று கோனாவையும் வடபகுதியையும் இணைக்கும் முதன்மைச் சாலை பெருமளவு மூடப்படும். மாற்றுவழி மலைமேல் செல்லும் குறுகிய சாலை ஒன்றே. வேலைக்குச் செல்வோரும் மருத்துவமனைக்குச் செல்வோரும் இதனால் இடர்ப்படுவர். தண்ணீர் வழங்கவும் வழிகாட்டவும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் தேவை. அவர்களில் பெரும்பாலோர் இவ்வூரார். ஆண்டுக்கு ஒரு நாள் என்பதால் மக்கள் இதை ஏற்றுக்கொண்டிருந்தனர்.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. 2021க்கு உரியது 2022 மே மாதத்தில் யூட்டா மாநிலத்தின் செயின்ட் சார்ச் நகரில் நடத்தப்பட்டது. தகுதி பெற்றுக் காத்திருந்தோர் மிகுந்துவிட்டதால், 2022 அக்டோபர் 6, 8 ஆகிய இரு நாள்களில் கோனாவில் போட்டி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் பங்கேற்றனர். முதல் நாள் வியாழக்கிழமை, அதாவது வேலைநாள். ஊரின் தாங்குதிறனை இது மீறிவிட்டது. இனி இரு நாள்கள் இயலாது என்று ஊர் நிருவாகத்தினர் தெரிவித்தனர்.

அமைப்பாளர்களோ பெண்களுக்குத் தனி நாள் என்பதைக் கைவிட விரும்பவில்லை. ஆகவே 2023 முதல் உலகப் போட்டி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கோனாவும் பிரான்சின் நீசு நகரும் மாறி மாறி இடமாயின. 2023இல் கோனாவில் பெண்கள் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் போட்டியிட்டனர். 2024இல் ஆண்கள் கோனாவிலும் பெண்கள் நீசிலும் போட்டியிட்டனர். 2025இல் மீண்டும் பெண்கள் கோனாவுக்கு வந்தனர். நார்வேயின் சுல்வெய்க் லோவ்செத் வென்றார்.

2026 முதல் இரு பாலாரும் கோனாவில் ஒரே நாளில் போட்டியிடுவர் என 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. வீரர்கள் பலர் கோனாவைத் தவிர வேறிடத்தை உலகப் போட்டியின் களமாக மனத்தளவில் ஏற்கவில்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் இதன் விலையைப் பெண்கள் செலுத்த நேருமோ என்ற கவலை எழுந்தது. பிரிவுக்கு முன் ஒரே நாளில் நடந்தபோது போட்டியாளருள் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தனர். மேலும், முன்னணி ஆண்களோடும் அவர்களைத் தொடரும் ஊடக வண்டிகளோடும் சாலையைப் பகிர்ந்துகொள்ளாத தனி நாளின் அருமையை அவர்கள் அறிந்துவிட்டிருந்தனர்.

இயற்கையும் இடையூறு செய்ததுண்டு. 2006 அக்டோபர் 15 அன்று 6.7 அளவிலான நிலநடுக்கம் இக்கரையைத் தாக்கியது. பழைய கட்டடங்கள் சேதமுற்றன. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, அவ்வாண்டுப் போட்டி நடந்தேறியது.

காப்பி அறுவடை

ஆகத்து முதல் சனவரி வரை மலைச்சரிவில் காப்பிப்பழம் பறிக்கும் காலம். 1828இல் சாமுவேல் ரகிள்சு என்னும் மதபரப்புநர் இங்கு காப்பிச்செடியை நட்டார். பின்னர் பெருந்தோட்டங்கள் சிறு நிலங்களாகக் குத்தகைக்கு விடப்பட, சப்பானியக் குடும்பங்கள் அவற்றை ஏற்றுப் பயிரிட்டன. 1932 முதல் 1969 வரை கோனாவின் பள்ளிகளுக்கு ஆகத்து முதல் நவம்பர் வரை விடுமுறை விடப்பட்டது. பிள்ளைகள் பழம் பறிக்க வேண்டுமே! இலையுதிர்காலத்தில் விளையாட வரும் பயணிகள் இதையும் அறிந்துகொள்வது நன்று.

1970இல் தொடங்கிய கோனாக் காப்பிப் பண்பாட்டு விழா நவம்பரில் பத்து நாள்கள் நடைபெறுகிறது. சுவைப்போட்டியும் பழம் பறிக்கும் போட்டியும் இதில் உண்டு. 2010இல் காப்பிக்காய்த் துளைப்பானும் 2020இல் இலைத்துரு நோயும் இங்கு கண்டறியப்பட்டன. சிறு உழவர்களுக்கு இவை பெருந்தொல்லை. பத்தில் ஒரு பங்கு மட்டுமே கோனாக் கொட்டை கலந்த தூளுக்கும் கோனாப் பெயரிட்டு விற்க மாநிலச் சட்டம் நெடுங்காலம் இடமளித்தது. உழவர்களின் நீண்ட முறையீட்டுக்குப் பின் 2024இல் இயற்றப்பட்ட சட்டம், 2027 சூலை முதல் இவ்வளவை 51 விழுக்காடாக உயர்த்துகிறது.

பார்க்கத்தக்க இடங்கள்

கைலுவாவில் அலீ தெருவின் இருபுறமும் எதிரெதிரே நிற்பவை ஹுலிஹே அரண்மனையும் மொக்குவைக்காவா தேவாலயமும் ஆகும். தேவாலயம் எரிமலைக் கல்லாலும் பவளச் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டு 1837இல் நிறைவுற்றது. ஹவாயின் மிகப் பழைய கிறித்தவத் தேவாலயம் இதுவே. அரண்மனையை 1838இல் ஆளுநர் குவாக்கினி கட்டினார். இப்போது அது அருங்காட்சியகம். படகுத்துறையை ஒட்டி, கமேஹமேஹா மன்னர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடத்தில், லோனோவுக்குரிய அஹுவேனா கோவில் மீளக் கட்டப்பட்டுள்ளது. அயர்ன்மேன் வீரர்கள் நீந்தத் தொடங்குவது இதன் அருகிலிருந்துதான்.

தெற்கே கெயாலக்கெக்குவா விரிகுடா உள்ளது. 1779 சனவரியில், மக்காஹிக்கிக் காலத்தில், ஆங்கிலக் கடலோடி சேம்சு குக் இங்கு நங்கூரமிட்டார், பெருஞ்சிறப்புடன் வரவேற்கப்பட்டார். அவருடன் வந்த அதிகாரி சேம்சு கிங் இங்கு கண்டு எழுதியது, அலைச்சறுக்கு பற்றிய மிகப் பழைய எழுத்துப் பதிவுகளுள் ஒன்று. புறப்பட்டுச் சென்ற கப்பல்கள் பாய்மரம் முறிந்து திரும்பி வந்தபோது பூசல் மூண்டு, பிப்ரவரி 14 அன்று குக் கொல்லப்பட்டார். அவ்விடத்தில் 1874இல் வெண்ணிற நினைவுத்தூண் நாட்டப்பட்டது. ஹவாய் மக்கள் குக்கை லோனோவாகவே கருதினர் என்ற கருத்தை இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1992இல் வெளியிட்ட நூலில் மறுத்தார். அது ஐரோப்பியர் கட்டிய புனைவு என்பது அவர் வாதம். அமெரிக்கரான மார்சல் சாலின்சு 1995இல் மறுமொழி நூல் எழுதினார். இவ்விவாதம் மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒன்றாகும்.

மேலும் தெற்கே, ஓடப்போட்டி நடைபெறும் ஹோனௌனௌவில், புகலிடத் தேசிய வரலாற்றுப் பூங்கா உள்ளது. சமய விலக்கை மீறியவருக்கு இறப்பே தண்டனை. ஆனால் துரத்துவோரிடம் அகப்படாமல் இம்மதிலுக்குள் வந்துவிட்டால் பூசாரி கழுவாய் செய்வித்து விடுவிப்பார். போரில் தோற்றவரும் இங்கு அடைக்கலம் பெற்றனர். ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும் 3.7 மீட்டர் உயரமும் உடைய மதில், கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டப்பட்டது.

இரவில் கெயாவுஹோக் கடலில் விளக்கு ஒளிரச் செய்து, ஒளியை நாடி வரும் மிதவை நுண்ணுயிர்களை உண்ண வரும் பெருந்திருக்கை மீன்களை நீரில் மிதந்தபடி காணலாம். சிறகு விரிப்பில் மூன்று நான்கு மீட்டர் இருக்கும் இவை மனிதரைத் தாக்குவதில்லை.

கோனாவின் வானூர்தி நிலையம் 1801இல் ஹுவாலலை கடைசியாக உமிழ்ந்த எரிமலைக் குழம்பின்மேல் அமைக்கப்பட்டு 1970இல் திறக்கப்பட்டது. 1986இல் சேலஞ்சர் விண்ணோட வெடிப்பில் உயிரிழந்த எலிசன் ஒனிசூக்காவின் பெயர் 2017இல் இதற்குச் சூட்டப்பட்டது. அவர் கோனாவின் காப்பித் தோட்டப் பகுதியில், சப்பானிய வழிவந்த குடும்பம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்.